றெக்கையை விடுங்க, வாயைப் பாருங்க

திருக்கை மீனைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் நேரா றெக்கைக்குத்தான் போறாங்க. "தண்ணிக்குள்ள பறக்குதுபா"ன்னு ஒரு வார்த்தை, அதோட பேச்சு முடிஞ்சுடும். போன லீவுல எங்க அக்கா பையன் சென்னைக்குப் போயி, தலைக்கு மேல கண்ணாடி, அதுக்கு மேல தண்ணி, நடுவுல நாம நடந்து போற மாதிரி ஒரு மீன் கண்காட்சி பாத்துட்டு வந்தான். வந்ததுலேந்து "மாமா, திருக்கை அப்படியே நம்ம ஏரி கொக்கு மாதிரி பறக்குது மாமா, அதே ஸ்லோவா றெக்கை அடிக்குது"ன்னு ஒரே பாட்டு. வீட்ல எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க, மச்சான் போன்ல எடுத்த வீடியோவை வேற போட்டுக் காட்டினாரு. அழகாத்தான் இருந்துது. எனக்கு மட்டும் ஏதோ ஒட்டல. கொக்குக்கும் திருக்கைக்கும் ஒத்துமை இல்லன்னு தோணல, ஒத்துமை நிறைய இருக்கு, ஆனா இவங்க காட்டற இடத்துல இல்லன்னு தோணிட்டே இருந்துது. அதை எழுதித்தான் ஆகணும்னு இப்ப உக்காந்திருக்கேன்.

முதல்ல றெக்கை கணக்கை முடிச்சிடறேன். வீடியோல வந்தது ஆனைத்திருக்கை வகையறா, அகலமா ரெண்டு பக்கமும் மேல கீழ அடிச்சு போறது. அதைப் பாத்தா யாருக்கும் பறவை ஞாபகம் வரும், குத்தம் சொல்ல முடியாது. ஆனா நம்ம ஊர் மீன் மார்க்கெட்டுக்கு வர்ற திருக்கைல பாதிக்கு மேல கடல் தரையில படுத்துக் கெடக்கற ஜாதி. அதுங்க றெக்கை அடிக்காது. உடம்போட ஓரம் மட்டும் முன்னாடிலேந்து பின்னாடிக்கு அலை அலையா நெளியும், அதுலயே நகந்து போயிடும். எந்தப் பறவையும் அப்படிப் பறக்கல. உள்ள இருக்கற கட்டுமானமும் வேற, கொக்கு றெக்கைல நம்ம கையில இருக்கற அதே எலும்பு வரிசை, தோள்லேந்து ஒத்தை எலும்பு, முழங்கைக்கு அப்புறம் ரெண்டு எலும்பு. திருக்கைக்கு உடம்புல எலும்பே கெடையாது, எல்லாம் குருத்தெலும்பு, தலையோட ஒட்டிக்கிட்ட நெஞ்சுத் துடுப்புல அது விசிறியா விரிஞ்சு ஓரம் வரைக்கும் போகும். கொக்கு காத்துல கீழ விழாம இருக்க எலும்பைக் குழாயாக்கி வெச்சிருக்கு. திருக்கைக்கு மத்த மீன் மாதிரி காத்துப்பை இல்ல, நீந்தறதை நிறுத்தினா மெதுவா தரைக்கு எறங்கிடும், அதுக்கு அதுதான் வேணும்.

சரி, அப்ப எதுல ஒத்துமை?

மல்லாக்கப் போட்டப்ப

ஞாயித்துக்கிழமை காலைல வேலூர் மீன் மார்க்கெட்டுக்குப் போனவங்களுக்குத் தெரியும், அந்த சத்தத்துல நின்னு ஒரு மீனை உத்துப் பாக்கறதெல்லாம் நடக்கற கதையில்ல. பின்னாடி நிக்கறவன் முட்டிக்கிட்டே இருப்பான். நான் வழக்கமா வாங்கற அக்காகிட்ட அன்னிக்கு ஒரு நடுத்தர சைஸ் திருக்கை இருந்துது, வால் ஏற்கெனவே போயிருந்துது (முள்ளு வால்லதானே இருக்கு, பல சமயம் நம்ம கண்ணுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெட்டிடறாங்க). வேணுமா வேணாமான்னு நான் யோசிச்சிட்டு நிக்கறதைப் பாத்துட்டு "இன்னா சார் பாத்துகினே கீற, காலைல வந்த மாலு, மோந்து பாரு"ன்னு சொல்லி, ஒரு ஓரத்தைப் புடிச்சு டப்புனு மல்லாக்கத் திருப்பிப் போட்டாங்க.

மேல்பக்கம் மண்ணு கலர், கண்ணு ரெண்டும் முட்டிக்கிட்டு மேல. அடிப்பக்கம் வெள்ளை வெளேர்னு, அதுல ஒரு வாய், வாய்க்கு மேல ரெண்டு மூக்குத் துவாரம், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு செவுள் கீறல். பசங்க எல்லாம் அதைப் பாத்துட்டு சிரிக்கற மூஞ்சின்னு சொல்லுவாங்க, மூக்குத் துவாரத்தைக் கண்ணுன்னு நெனச்சுக்கறதால அப்படித் தெரியும். நான் எத்தனையோ தடவை திருக்கை வாங்கியிருக்கேன், சாப்ட்டிருக்கேன். அன்னிக்குத்தான் ஒரு சின்ன விஷயம் பளிச்சுனு பட்டுது. கண்ணு ஒரு பக்கம், வாய் நேர் எதிர்ப் பக்கம். இது சாப்பிடற எதையும் இதால பாக்க முடியாது. வாய்க்குள்ள போறது நண்டா, எறாலா, கல்லான்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆயுசு பூரா பாக்காம சாப்பிடற ஜீவன்.

வாயைச் சுத்தி ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிங்க இருந்துது. "இதெல்லாம் இன்னாக்கா"ன்னு கேட்டேன். "அது அப்டித்தான் இருக்கும், வெட்டட்டா?" வெட்டச் சொல்லிட்டேன். அந்தப் புள்ளிங்கதான் விஷயமேன்னு எனக்குத் தெரியும், முன்னாடியே படிச்சிருக்கேன், ஆனா படிச்சது ஒரு பக்கமும் பாத்தது ஒரு பக்கமுமா இருந்துது, அங்க நின்னப்பதான் ரெண்டும் ஒண்ணு சேந்துது. கூடவே காவேரிப்பாக்கம் ஏரில நான் பாத்துக்கிட்டே இருக்கற ஒரு பறவையும் சேந்துடுச்சு.

அரிவாள் மூக்கன்

காவேரிப்பாக்கம் இப்ப ராணிப்பேட்டை மாவட்டம், 2019ல பிரிச்சுட்டாங்க, எங்க வீட்டுப் பெருசுங்களுக்கு எல்லாமே இன்னும் வடாற்காடுதான். பல்லவர் காலத்து ஏரி. மழை முடிஞ்சு தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வடியறப்ப ஓரத்துச் சேத்துலயும் பக்கத்து நெல்லு வயல்லயும் பறவைங்க எறங்கும். ஊர்ல எல்லாத்துக்கும் பொதுவா கொக்குதான் பேரு. ஆனா நின்னு பாத்தா ரெண்டு கட்சி. மடையான், வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை எல்லாம் கண்ணு கட்சி. அசையாம நிக்கும், கழுத்தை மடக்கி வெச்சிருக்கும், கண்ணுல மீன் பட்டதும் ஒரே குத்து. இன்னொரு கட்சி கலங்கின சேத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கும். வெள்ளை உடம்பு, மொட்டைக் கருப்புத் தலை, கீழ்ப்பக்கம் வளைஞ்ச நீள மூக்கு, அதான் அரிவாள் மூக்கன். கட்டிலுக்கு அடியில கையை விட்டு செருப்பு தேடற மாதிரி மூக்கைச் சேத்துக்குள்ள விட்டு விட்டுத் துழாவும். கரண்டிவாயன் வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தண்ணியை அரிச்சிக்கிட்டே போகும். சங்குவளை நாரையும் இந்தக் கட்சிதான், அலகைப் பாதி தொறந்து தண்ணில வெச்சுக்கும், ஏதாவது பட்டா மூடிடும்.

அந்த மூடற வேகம் இருக்கே. சங்குவளை நாரைக்குச் சொந்தக்காரப் பறவை ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு, உட் ஸ்டார்க்னு பேரு. 1963ல ரெண்டு பேர் அதோட கண்ணை மறைச்சு வெச்சே சோதனை பண்ணிப் பாத்தாங்க. கண்ணு தெரியாமலே மீனைப் புடிச்சுது. மீன் அலகுல பட்டதுக்கும் அலகு மூடினதுக்கும் நடுவுல ஆன நேரம் 25 மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டை நாப்பதாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு.

அரிவாள் மூக்கன் இன்னும் ஒரு படி மேல. தொட்டாத்தான் தெரியும்ங்கறது இல்ல, தொடறதுக்கு முன்னாடியே தெரியும். அந்த மூக்கு நுனியில எலும்புலயே குழி குழியா இருக்கும், அந்தக் குழிக்குள்ள அதிர்வையும் அழுத்தத்தையும் உணர்ற நுண்ணிய உறுப்புங்க. ஈரச் சேத்துக்குள்ள பக்கத்துல ஒரு புழு நெளிஞ்சா அந்த அசைவு சேறு வழியா மூக்கு நுனிக்கு வந்துடும். உள்ளான் இனத்துல இதைவிட ஆச்சரியம் ஒண்ணு இருக்கு. ரெட் நாட்னு ஒரு கடற்கரை உள்ளான், அதுக்கு மணல்ல புதைஞ்சிருக்கற சிப்பிதான் சாப்பாடு. சிப்பி நெளியாது, அசையாது, அப்ப எப்படிக் கண்டுபிடிக்குது? 1998ல நெதர்லாந்து ஆளுங்க சிப்பிக்குப் பதிலா ஈர மணல்ல கல்லைப் புதைச்சு வெச்சுப் பாத்தாங்க. கல்லையும் கண்டுபிடிச்சுது. வாசனை இல்ல, அசைவு இல்ல. அலகை வேகமா குத்திக் குத்தி எடுக்கறப்ப மணலுக்குள்ள இருக்கற தண்ணில ஒரு அழுத்தம் உண்டாகுது, அந்த அழுத்தம் கெட்டியான பொருள் இருக்கற இடத்துல மாறுது, அந்த மாத்தத்தை அலகு நுனி படிச்சுடுதுன்னு சொன்னாங்க.

இப்ப திருக்கையோட அந்தப் புள்ளிங்களுக்கு வர்றேன். அதுங்க ஒவ்வொண்ணும் ஒரு குழாயோட வாய், குழாய் முழுக்க ஜெல்லி, கடைசியில உணர்வு செல்லுங்க. 1678ல லோரென்சினின்னு ஒரு இத்தாலிக்காரர் மின் திருக்கையை அறுத்துப் பாத்து இதை விவரமா எழுதி வெச்சுட்டாரு, அதனால அவர் பேரே வந்துடுச்சு. ஆனா எதுக்குன்னு தெரிய ரொம்ப காலம் ஆச்சு. 1971ல கால்மைன், இவரும் நெதர்லாந்துதான், சுறாவையும் முள் திருக்கையையும் வெச்சு ஒரு சோதனை வெளியிட்டாரு. தட்டை மீன் ஒண்ணை மணலுக்கு அடியில மறைச்சாரு. கண்டுபிடிச்சுதுங்க. வாசனை வராத மாதிரி அகர் ஜெல்லியால மூடி வெச்சாரு, அப்பவும் கண்டுபிடிச்சுதுங்க. அந்த ஜெல்லி மேல கரண்ட் போகாத மெல்லிசு பிளாஸ்டிக்கைப் போத்தினாரு, அப்ப மட்டும் கண்டுக்காம மேலயே போயிடுச்சுங்க. கடைசியா மீனையே எடுத்துட்டு, மீன் உடம்புலேந்து வர்ற அளவுக்கு ரொம்ப லேசான கரண்டை மணலுக்குள்ளேந்து குடுத்தாரு. மீன்னு நெனச்சு மணலைத் தோண்ட ஆரம்பிச்சுதுங்க. ஆக அந்தப் புள்ளிங்க உணர்றது மீன் உடம்புலேந்து வர்ற கரண்டைத்தான்.

அக்கா பையன்கிட்ட இதைச் சொன்னதும் அவன் கேட்டான், அப்ப நம்ம கொக்குக்கும் கரண்ட் தெரியுமான்னு. நல்ல கேள்வி. பறவைக்கு அந்தப் புலன் இருக்கறதா யாரும் காட்டினதில்ல. பாலூட்டியிலயே ஆஸ்திரேலியா பிளாட்டிபஸ்ஸுக்கு இருக்கு, அதுவும் கண்ணை மூடிக்கிட்டு தண்ணிக்கு அடியில தேடற ஜீவன். அரிவாள் மூக்கன் அழுத்தம், திருக்கை கரண்ட், வழி வேற வேற. ஆனா ரெண்டுக்கும் ஒரே பிரச்சினை: சாப்பாடு சேத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு, கண்ணு உதவாது. ரெண்டுமே வாயைச் சுத்தி ஓட்டை போட்டு அதுக்குள்ள ஒரு புலனை வெச்சுக்கிச்சு. அதோட நிக்கல, சேத்தைக் கலக்கற வித்தையும் கொக்குக் கூட்டத்துலயும் உண்டு, திருக்கைகிட்டயும் உண்டு. சின்ன வெள்ளைக் கொக்கு மஞ்சள் பாதத்தால தண்ணிக்கு அடியில கிளறி விடும், ஓடற மீனைப் புடிக்கும். திருக்கை உடம்பைத் தூக்கித் தூக்கி அமுக்கி, வாயாலயும் தண்ணியைப் பீய்ச்சி மணல்ல பள்ளமே தோண்டிடும். இதையெல்லாம் விட்டுட்டு றெக்கையையே பாத்துக்கிட்டு இருக்கறவங்களை என்ன சொல்றது.

நாத்தமும் எச்சமும்

இது கொஞ்சம் அசிங்கமான பகுதி, ஆனா வேலூர்ல இருந்துக்கிட்டு திருக்கை பேசினா இதைத் தாண்டிப் போக முடியாது. கடல் நமக்கு நூத்தி முப்பது, நூத்தி நாப்பது கிலோமீட்டர் தள்ளி. ஐஸ் பெட்டியில வர்ற மீன்தான். சங்கரா, வஞ்சிரம் எல்லாம் ஒரு நாள் தாங்கும், திருக்கையும் சுறாவும் மட்டும் பழசானா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு ஒரு காரமான நாத்தம் அடிக்கும், பாத்ரூம் நாத்தம்னே சொல்லலாம். "மோந்து பாரு"ன்னு அந்த அக்கா சொன்னதுக்குக் காரணம் அதுதான். காரணம் யூரியா. கடல் தண்ணி உப்பு, சாதா மீனோட ரத்தம் அதைவிட உப்பு கம்மி, அதனால அதுங்க உடம்புலேந்து தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், கடல் தண்ணியைக் குடிச்சு உப்பைத் தள்ளிக் காலத்தை ஓட்டுதுங்க. சுறாவும் திருக்கையும் வேற வழி புடிச்சுதுங்க, மத்த ஜீவன் வெளிய தள்ற யூரியாவை ரத்தத்துலயும் சதையிலயும் சேத்து வெச்சுக்கிச்சு, உள்ளயும் வெளியயும் கணக்கு சமமாயிடுச்சு. உயிரோட இருக்கறப்ப அது புத்திசாலித்தனம். செத்த பின்னாடி கிருமிங்க அந்த யூரியாவை அமோனியாவாக்கிடும், அதுதான் நம்ம மூக்குக்கு வருது. எங்க வீட்ல வர்ற திருக்கைக்கு பூண்டு, மிளகு அளவில்லாம போடறது ருசிக்கு மட்டும்னு நான் நம்பல.

கொக்கு அதே கழிவை என்ன பண்ணுது? தண்ணி சேக்காம வெள்ளைப் பசையாக்கி அடிச்சுத் தள்ளிடுது. ஏரிக்கரை புளியமரத்துல கொக்கு கூடு கட்டினா கீழ தரை சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்குமே, அது யூரிக் ஆசிட். தண்ணி மிச்சம், பறக்கறதுக்கு பாரமும் மிச்சம். முட்டைக்குள்ள இருக்கற குஞ்சுக்கும் அதுதான் கதி, ஓட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கறப்ப கழிவு கரைஞ்சு விஷமா மாறாம திடமா ஒதுங்கி நிக்கணும். வேடந்தாங்கல் ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா பறவையைச் சுட விடாம காத்ததுக்கு ஒரு காரணம் இந்த எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கறதுதான். ஒருத்தன் சேத்து வெச்சான், ஒருத்தன் தூக்கிப் போட்டான். றெக்கை வேற வேறங்கறதைவிட இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப ஆழமா படுது.

கால்

இதுதான் எனக்கு இன்னும் சரியா செரிக்காத விஷயம். கொக்குன்னாலே கால், ஒத்தைக் கால்ல நிக்கும், நீளக் கால வெச்சு சேத்துல மெதுவா நடக்கும். திருக்கைக்கு எங்க கால்? இருக்கு. திருக்கை குடும்பத்துலயே ஸ்கேட்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல லிட்டில் ஸ்கேட்னு ஒரு சின்ன ஜாதி, வட அட்லாண்டிக் கடல்ல வாழறது, நம்ம பக்கம் வராது. அது கடல் தரையில பின் துடுப்பு ரெண்டையும் இடது வலது இடது வலதுன்னு மாத்தி மாத்தி ஊனி நடக்கும். முட்டைலேந்து வெளிய வந்த குட்டியே நடக்கும். 2018ல நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு அதோட முதுகுத்தண்டு நரம்புங்களை ஆராய்ஞ்சு, அந்த நடைக்கு வேலை செய்யற நரம்பு செல்லுங்களும் அதை உருவாக்கற மரபணுக்களும் தரையில நடக்கற நாலு கால் பிராணிகளோடதும் ஒரே பழைய ஏற்பாடுதான்னு காட்டினாங்க. ஸ்கேட்டுக்கும் தரைப் பிராணிகளுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறக்குறைய 42 கோடி வருஷம் ஆச்சு. அப்ப நிலத்துல நடக்க ஒரு முதுகெலும்புப் பிராணி கூட கெடையாது.

அப்படின்னா காவேரிப்பாக்கத்துல அந்த அரிவாள் மூக்கன் இடது கால் எடுத்து வெச்சு, வலது கால் எடுத்து வெச்சு நடக்குதே, அந்தத் தாளமும் ஸ்கேட் நடையும் ஒரே வேர்லேந்து வந்தது. மூக்கும் வாயும் தனித்தனியா கண்டுபிடிச்ச உபாயம், சொந்தம் இல்லாமலே ஒத்துப்போச்சு. கால் அப்படி இல்ல, அது நெஜமாவே சொந்தம். நம்ம கால் உட்பட. மச்சான்கிட்ட இதைச் சொன்னதும் அவர் "ஏம்பா, அப்ப நானும் திருக்கையும் பங்காளியா"ன்னு சிரிச்சாரு. ஆமாங்க மாமா, தூரத்துப் பங்காளின்னு சொன்னேன். அதுக்கப்புறம் குழம்புல கை வெக்க அவர் யோசிச்சதா எல்லாம் தெரியல.

குட்டி

கடைசியா ஒரு விஷயம், இது மார்க்கெட்டுக்குப் போற எல்லாருக்கும் பாதி தெரிஞ்சதுதான். அரிவாள் மூக்கன் ஒரு ஈட்டுக்கு ரெண்டு, மூணு, நாலு முட்டை போடும், மழையும் ஏரியும் ஒழுங்கா இருந்தா அடுத்த வருஷமும் போடும். ஸ்கேட் முட்டை போடும், ஆனா முள் வால் திருக்கை குட்டி போடும். முதல்ல மஞ்சக்கரு, அது தீந்ததும் தாயோட கருப்பை ஊறவிடற பால் மாதிரி ஒரு கொழுப்புத் திரவம், அதைக் குடிச்சுத்தான் குட்டி வளரும். பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு நம்ம வீடுங்கள்ல பால் சுறா, திருக்கைன்னு ஆக்கிப் போடறாங்க, அந்தத் திருக்கையும் தன் குட்டிக்குப் பாலாத்தான் ஊறவிட்டுச்சுங்கறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சவங்க சொல்லி வெச்சாங்களோ என்னவோ. குட்டி கொஞ்சம்தான், வயசுக்கு வர வருஷங்கள் ஆகும். மத்தி மாதிரி ஆயிரக் கணக்குல முட்டை விட்டு நட்டத்தை ஈடுகட்ட முடியாது. 2021ல வந்த ஒரு கணக்குப்படி 1970லேந்து கரையை விட்டுத் தள்ளி நடுக்கடல்ல வாழற சுறா, திருக்கை எண்ணிக்கை 71 சதவீதம் கொறைஞ்சு போச்சு. ரம்பம் மாதிரி மூக்கு வெச்ச வேளா மீனும் திருக்கை சொந்தம்தான், அதை 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலிக்கு இருக்கற அதே முதல் அட்டவணையில சேத்துப் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க.

ஏரிப் பறவைக்கு அக்கம்பக்கத்துல கேக்க ஆள் இருக்கு, கேமரா வெச்சுக்கிட்டு பொங்கல் நேரத்துல கணக்கெடுக்க வர்ற பசங்க இருக்காங்க. திருக்கையை வேலூர்ல உயிரோட யாரும் பாத்ததில்ல, ஐஸ்ல வால் இல்லாமதான் பாக்கறோம். நான் இன்னும் திருக்கை வாங்கறேன், பொய் சொல்ல மாட்டேன், ஆனா ரொம்பப் பெருசா அகலமா இருந்தா வேணாம்னுடறேன், அது குட்டி போடற வயசுக்கு வந்த தாயா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அந்த அக்காவுக்கு இது புடிக்கல. "பெருசுலதான் சார் சதை, சின்னதுல இன்னா கீது"ன்னு கேக்கறாங்க. குட்டி போடறதுக்கு முன்னாடியே சின்னதைப் புடிச்சா அதுவும் நட்டம்தானேன்னு மச்சான் ஒரு கேள்வி போட்டாரு. அதுவும் நியாயம்தான். அதனால இப்ப முக்கால்வாசி நாள் சங்கராதான் வாங்கிட்டு வர்றேன், வீட்ல முணுமுணுப்பு இருக்கு.